புழுங்கல் அரிசியும் ஒரு மகஜரும்

நமது தமிழ்ப் பத்திரிகைகளில் சுகாதாரம் என்ற தலைப்பில்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வெந்தயம் நீரிழிவுக்கு நன்று. சுண்டைக்காய் வயிற்றுப் பூச்சிக்கு நன்று. அதிகாலையில் எழுதல் சகலத்துக்கும் நன்று. அதே பக்கத்தின் அடியில் சிறுநீரகம் கெட்டுப்போன ஓர் ஏழையின் படமும், உதவ எண்ணுவோர் பணம் அனுப்பவேண்டிய கணக்கு எண்ணும் இருக்கும். மேலே உபதேசம், கீழே யாசகம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்று இருந்திருக்கவேண்டும். அந்த ஏழை ஏன் அவ்வளவு காலந்தாழ்த்தி ஆஸ்பத்திரிக்குப் போனார், போன இடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது, கிடைக்காததற்குப் பொறுப்பாளி யார் என்னும் விசாரணையே அது. அதை எழுதுவோரைச் சுகாதார நிருபர் என்கிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் அத்தகையோர் உண்டு. நம்மிடையே மருந்து சொல்லுவோர் உண்டு, நிருபர் அரிது.

அவ்வகை எழுத்து எப்படியிருக்கும், எழுதியவருக்கு என்ன நேரும் என்பதைக் காண்பதற்காக, மலேசியாவில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மகஜரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இலக்கியப் பகுதியில் மகஜருக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சந்தமும் அலங்காரமும் உள்ளதுதான் இலக்கியமென்றால் இதற்கு இங்கே இடமில்லை. எழுதப்பட்ட சொற்களுக்காக ஒருவர் ஏழாண்டு நீதிமன்றப் படியேறினார் என்றால், அச்சொற்கள் எத்தகையவை என்று பார்ப்பது விமரிசகன் கடமை என்பது என் துணிபு.

எழுதியவர் ஐரின் பெர்னாண்டஸ். 1946இல் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். ஆசிரியையாக இருந்து, அவ்வேலையை உதறிவிட்டுத் தொழிலாளரிடையே பணிசெய்யப் புகுந்தவர். 1991இல் தெனாகனிதா என்ற பெண் தொழிலாளர் ஸ்தாபனத்தை நிறுவினார். அவர் உத்தியோக முறையில் பத்திரிகைக்காரர் அல்லர். ஆனால் அக்காலத்தில் பத்திரிகைக்காரர் செய்யவேண்டியிருந்த வேலை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த விதமே ஒரு கதை.

கோலாலம்பூரில் 'தி சன்' என்ற ஆங்கில நாளேட்டில் ஸ்டீவன் கான் என்ற செய்தியாளரும் அவருடைய தோழர்களும், செமினியிலிருந்த குடிநுழைவுத் தடுப்பு முகாமைப்பற்றித் துருவி விசாரித்தார்கள். அம்முகாமில் 59 பேர், பெரும்பாலோர் வங்காளதேசத்தார், குடற்காய்ச்சலாலும் பெரிபெரி நோயாலும் மாண்டிருந்தனர் என்பது அவர்கள் கண்டது. ஏடு அதைப் பிரசுரிக்கவில்லை. திரட்டிய விஷயத்தை அவர்கள் ஐரினிடம் கொடுத்தார்கள். அவருடைய ஸ்தாபனமோ அப்போது அந்நியத் தொழிலாளர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கண்டு பேசி வாக்குமூலங்கள் சேர்த்து வைத்திருந்தது. இரண்டும் கூடி மகஜராயிற்று. அதில் அடி, அவமானம், லஞ்சம், பட்டினி, வைத்தியமின்மை, மரணம் யாவும் சொல்லப்பட்டன. ஸ்டீவன் கான் பின்னர் அந்நாளேட்டிலிருந்து விலகி, 1999 நவம்பரில் பிரேமேஷ் சந்திரனுடன் சேர்ந்து மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தாளைத் தொடங்கினார் என்பதை நம்மவர் பலரும் அறிவர். அத்தாள் தோன்றியதற்கு அச்சேறாத அந்தச் செய்தியும் ஒரு காரணம் என்று நான் கொள்கிறேன்.

இந்த மகஜரில் என்னை நிறுத்தியது பெரிபெரி என்ற ஒற்றைச் சொல்.

வாசகர்களே, பெரிபெரி என்பது என்ன? கால் வீங்கும், அல்லது கால் மரத்துச் சூம்பும், நடை தளரும், இறுதியில் இருதயம் நின்றுபோகும். தயமின் எனப்படும் உயிர்ச்சத்து உணவில் இல்லாமையால் வருவது. தீட்டி வெளுத்த அரிசியையே நாள்தோறும் உண்டு வேறொன்றும் கிட்டாதவனுக்கு இது வரும். இதை மருத்துவ உலகம் கண்டறிந்த இடங்களுள் நமது மலாயா முதன்மையானது என்பதை நம் பிள்ளைகளுக்கு எப்பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பார் 1907இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்நோயால் சாக, பக்கத்திலேயே உழைக்கும் தமிழருக்கு இது ஏன் வருவதில்லை என்பது அவர் வினா. விடை நம்முடைய அடுப்பில் இருந்தது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவித்து உலர்த்தியபின் குத்துவதால் தவிட்டின் சத்து அரிசிக்குள் ஊறி நின்றுவிடுகிறது. பிராடன் காரணத்தைத் தவறாகச் சொன்னார். வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு படிகிறதென நினைத்தார். பரிகாரத்தில் அவர் தவறவில்லை.

அதற்கு முன்பே, 1905இல், கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற வைத்தியர் நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்திருந்தார். வெள்ளரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் உண்டவருள் ஒருவரும் இறக்கவில்லை. தம்மைத்தாம் காத்துக்கொள்ளவியலாத பித்தரை வைத்து நடத்திய சோதனை இது. அதன் நியாயத்தைப்பற்றி எனக்குச் சமாதானமில்லை. ஆயினும் உண்மை வெளிப்பட்டது. பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ஜாவானியத் தொழிலாளரிடையே மீண்டும் சோதித்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றின் குறையே நோய் என்று 1909இல் நிலைநாட்டினர். நம் பாட்டிமார் பெட்டியும் மூட்டையுமாகக் கப்பலிறங்கியபோது கொண்டுவந்த சோற்றுப் பழக்கம், ஓர் உலக நோயின் முடிச்சை அவிழ்க்க உதவிற்று.

இனி மகஜருக்குத் திரும்புவோம். கோலாலம்பூரில் 1905ஆம் ஆண்டு இந்நோய் இன்னதால் வருகிறதெனத் தெரிந்தது. அதே நகருக்கு அணித்தான செமினியில், 90 ஆண்டுகளுக்குப் பின், காவலில் வைக்கப்பட்ட மனிதர் அந்நோயால் செத்தனர். காட்டில் வழிதவறியவனுக்குப் பெரிபெரி வந்தால் அது விதி என்று சொல்லிப்போகலாம். பூட்டிய வேலிக்குள், சர்க்கார் அளந்து போட்ட சோற்றைத் தின்றவனுக்கு வந்தால், சோறு அளந்தவன் பதில் சொல்லவேண்டும். குடற்காய்ச்சல் தண்ணீரின் குற்றத்தைச் சொல்லும். பெரிபெரி தட்டின் குற்றத்தைச் சொல்லும். அடித்தான் என்பதை அவன் மறுப்பான். வைதான் என்பதற்குச் சாட்சி வேண்டும். பெரிபெரியால் இறந்த பிரேதமோ வேறு சாட்சியை வேண்டாது.

இங்கேதான் அம்மகஜர்மீது எனக்குள்ள குறையைச் சொல்லவேண்டியிருக்கிறது. அது எல்லாக் கொடுமைகளையும் ஒரே மூச்சில் சொல்லுகிறது. அதன் தலைப்பிலேயே சித்திரவதை என்ற சொல்லும் மனிதத்தன்மை பறித்தல் என்ற சொல்லும் முழங்குகின்றன. உண்மையில் அவை நடந்தவையாகவே இருக்கட்டும். நிரூபிக்கக் கடினமானவற்றையும் மறுக்கமுடியாதவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால், எதிரி மூட்டையின் நைந்த ஓரத்தைப் பிடித்து முழுவதையும் இழுத்தெறிவான். சோற்றையும் நீரையும் வைத்தியரையும் மட்டும் முன்னிறுத்தி, இன்ன வாரத்தில் இன்ன உணவு, இன்ன நாளில் இவ்வளவு பேர் வீக்கம் கண்டனர், இன்ன நாளில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டனர் என்று வரிசைப்படுத்தியிருந்தால், அதை எதிர்த்து வாதிட வந்தவர் அரிசியோடு வாதிடவேண்டியிருக்கும். கோபத்தைத் தலைப்பில் வைத்துவிட்டால் வாசகன் தானே கோபங்கொள்ள இடமில்லாமற் போகிறது. இக்குறை ஐரின் ஒருவருக்கே உரியதன்று. ஏழைக்காகப் பேசும் எழுத்தெல்லாம் சறுக்குமிடம் இதுவே. சீர்திருத்தம் பேசும் நாமும் விலக்கல்ல. பத்திராதிபர் மன்னிக்க.

மற்றொரு புறத்தையும் சொல்லாவிடில் நான் நியாயஸ்தன் ஆகேன். மேசை முன் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டு, இப்படி எழுதியிருக்கலாம், அப்படி எழுதியிருக்கலாம் என்பது எளிது. உணவுப் பதிவும் நோய்ப் பதிவும் வேலிக்கு உள்ளே இருந்தன. ஐரினுக்குக் கிட்டியது வேலிக்கு வெளியே வந்த மனிதரின் வாய்மொழி. வாய்மொழி எப்போதும் பட்டதை எல்லாம் சேர்த்தே சொல்லும். உதைபட்டவனிடம், உதையை விடு, சோற்றைச் சொல் என்று எவர் கேட்பார்?

1996 மார்ச்சில் அவர் கைதானார். அச்சகங்கள், வெளியீடுகள் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8அ பிரிவின்படி, தீய எண்ணத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. அப்பிரிவில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. செய்தியின் உண்மையைச் சரிபார்க்கத் தக்க முயற்சி செய்தேன் என்று எழுதியவர் காட்டவேண்டும். காட்டாவிடில் தீய எண்ணம் இருந்ததாகவே சட்டம் கொள்ளும். எழுத்துக் கலையின் விதியாக இதை எடுத்துக்கொண்டால் நான் இரு கையாலும் வரவேற்பேன். எழுதுமுன் சரிபார் என்பதைவிட நல்ல விதி நிருபருக்கு வேறென்ன உண்டு? ஆனால் சரிபார்ப்பதற்குரிய கதவின் சாவி எவர் இடுப்பில் தொங்குகிறதோ அவரே, ஏன் சரிபார்க்கவில்லை என்று வழக்குத் தொடுத்தால் அது விதியாக நில்லாது, வேடிக்கையாகிவிடும்.

வழக்கு ஏழாண்டு நடந்தது. முன்பு அடைபட்டிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 2003 அக்டோபர் 16ஆம் தேதி ஓராண்டுச் சிறைத்தண்டனை தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டின்பேரில் பிணையில் இருந்த ஐரின் 2004ஆம் ஆண்டுத் தேர்தலில் நிற்க இயலவில்லை. 2008 நவம்பர் 24ஆம் தேதி உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. இடையில் 2005இல் சுவீடனின் நல்வாழ்வுரிமைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2014 மார்ச் 31ஆம் தேதி காலமானார். பதின்மூன்றாண்டு ஒரு மகஜரின் பின்னால் போயிற்று. இத்தனை காலமும் நீதிமன்றத்தில் முதல் விவாதப்பொருளாக இருந்தது எழுதியவரின் எண்ணம். மாண்டவர் தின்ற சோறு பின்னால் தள்ளப்பட்டது.

இதோடு ஒப்பிட ஒரு நாவல் நினைவுக்கு வருகிறது. பி. எச். டேனியல் என்ற வைத்தியர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் பணிசெய்தவர். தொழிலாளர் சங்கம் காண உழைத்தவர். அவர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்ற நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆசைகாட்டி அழைத்துவரப்பட்ட கருப்பனும் வள்ளியும் மலைக்காய்ச்சலுக்கும் கங்காணிக் கடனுக்கும் இடையே படும் பாடு அதன் பொருள். தேயிலை நாட்டில் வாழும் எங்களுக்கு அது கதையாகத் தோன்றாது. வைத்தியர் எழுதியதாதலால் காய்ச்சல் வருகிற விதம், மருந்து கிடைக்காத விதம், காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போகிற விதம் யாவும் துல்லியம். நாவலென்ற வகையில் பாத்திரங்கள் சற்றுத் தட்டையென்பேன். கெட்டவன் வாயைத் திறக்குமுன்பே கெட்டவனென்று தெரிந்துவிடுகிறது. ஆயினும் கவனியுங்கள்: 1920களின் அக்கிரமத்தை 1969இல் எழுதியவர்மீது எந்தத் துரையும் வழக்குத் தொடுக்கவில்லை. நாற்பதாண்டு கழித்து எழுதினால் நூல். அதே ஆண்டில் எழுதினால் குற்றம். சுகாதார நிருபரின் தொழில் அதே ஆண்டில் எழுதுவது. அதனால்தான் அத்தொழிலுக்கு ஆள் கிடைப்பதில்லை போலும்.

கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவை ஒடுக்கிய மால்கம் வாட்சனும் அதே காலத்தில் எழுதியவர்தாமே, அவருக்கு ஒன்றும் நேரவில்லையே என்பீர்கள். உண்மை. தோட்டங்களின் மரண விகிதங்களை 1911இல் நூலாக அச்சிட்டார். பின்னாளில் 'சர்' பட்டமும் பெற்றார். அவர் துரைமாருக்காக எழுதினார். கூலி செத்தால் நஷ்டம் உங்களுக்கே என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. அந்த வாதத்தாலும் பல்லாயிரம் தமிழர் பிழைத்தனர் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

ஐரினின் எழுத்துப்பணியில் அந்த மகஜரே பெயர்பெற்றது. என் மதிப்பில் அதைவிட உயர்ந்தது, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப்பற்றி அவருடைய ஸ்தாபனமும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுகள். 1992இல் ஒன்று, 2002இல் மற்றொன்று. இரண்டாவதன் தலைப்பு, நஞ்சூட்டப்பட்டு வாய்மூடப்பட்டோர் என்று பொருள்படும். இங்கே முன்சொன்ன குறை பெரிதும் நீங்கிவிட்டது. எந்தப் பெண், என்ன மருந்து, முதுகில் சுமந்த டப்பா ஒழுகிற்றா, கையுறை கொடுத்தார்களா, மூக்கில் இரத்தம் வந்ததா, நகம் கறுத்ததா, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேள்விகள் தரையில் நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் முக்கியம். சொறிக்குக் களிம்பு கொடுப்பார்கள், தலைவலிக்கு மாத்திரை கொடுப்பார்கள். நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பதில்லை. வேலையைக் கேளாத வைத்தியரிடம் நோய் பாதிதான் சொல்லப்படும்.

(ஒரு வார்த்தை: களைக்கொல்லியை நாம் 'புல்மருந்து' என்கிறோம், தெளிப்பதை 'மருந்தடிப்பு' என்கிறோம். ஆங்கிலம் நஞ்சை நஞ்சின் பெயரால் அழைக்கிறது. நம் மொழி அதற்கு மருந்தென்று பேர் சூட்டி, மருந்துதானே என்று வெறுங்கையால் கலக்கச் செய்துவிட்டது. மொழிச் சீர்திருத்தக்காரர் வடசொற்களைக் களைந்தபிறகு நேரமிருந்தால் இதையும் கவனிக்கலாம்.)

அந்த ஆய்வு வந்த 2002ஆம் ஆண்டிலேயே பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசிய அரசாங்கம் தடைசெய்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. மீண்டும் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அடியோடு விலக்கியது. இடைப்பட்ட பதின்மூன்றாண்டில் அதைக் கலந்த கைகள் எத்தனை என்று எண்ணிப்பார்க்க எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இதைச் சொல்லாமல் பிறர் எழுத்தை நிறுத்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை.

இம்மலைக்கு வருமுன் கீழ்நாட்டில் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. ஆங்கிலம் படித்தவன் என்பதால் களைக்கொல்லியின் சீட்டைப் படித்து ஸ்டோர்ப் புத்தகத்தில் பதிவதும் என் வேலை. சீட்டில் என்ன எழுதியிருந்ததென்பது எனக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டு ஒருநாள் மருந்தடிப்புக் கும்பலைச் சேர்ந்த ஓர் அக்காள் ஆபீஸ் சன்னலண்டை வந்து நின்றார். பத்து விரல் நகமும் கருநீலம். கண் சிவந்திருந்தது. மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. டிரெஸர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அவருடைய சீட்டு இல்லாமல் 'நோய்' என்று பதியக்கூடாதென்பது ஆபீஸ் வழக்கம். நான் செக்ரோலில் 'வரவில்லை' என்று போட்டிருந்தேன்.

"ஐயா, என் பேருக்கு நேரா என்னாங்க எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார்.

"வரலைன்னு போட்டிருக்கேன்க்கா. சீட்டு இல்லையே" என்றேன்.

"வந்தேனே ஐயா. முதல் நாளு வந்து இங்கதான் நின்னேன். நீங்க பார்த்தீங்களே."

பார்த்தேன். அந்த ஒரு வரியை நான் திருத்தவில்லை. பிறகு எங்கேனும் ஓர் ஆய்வுக்காரர் வந்து அத்தோட்டத்தின் பதிவுகளைப் புரட்டியிருந்தால், அந்த ஆண்டில் அங்கே மருந்தடித்து நோயுற்றோர் எவருமில்லை என்று என் கையெழுத்தே சொல்லியிருக்கும். ஐரினின் ஆய்வுகள் வாய்மொழியைப் பெரிதும் நம்பியவை, ஆவணத்தை அல்ல என்று கற்றோர் சிலர் குறை கூறக்கேட்டால், அவர்கள் கேட்கும் ஆவணத்தை எழுதுகிறவன் யார் என்று நான் அறிவேன்.

ஆகவே மகஜரின் தலைப்பைப்பற்றி நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்ளாவிடினும், அதன்மேல் வைத்த பாரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் சரிபார்க்கவேண்டும். சரிபார்க்கத்தக்க ஏடு முதலில் உண்மையாக எழுதப்பட்டிருக்கவேண்டும். அந்த ஏடுகள் செமினியிலும் இருந்தன, தோட்டத்து ஆபீஸிலும் இருக்கின்றன. அவற்றை எழுதுவோர் என்னைப்போன்ற மாதச் சம்பளக்காரர்.

கம்போங் ராஜாவில் இப்போது தேயிலைச் சரிவிலும் காய்கறிப் பந்தலிலும் நிற்போர் பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர். நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். நம்மவரில் சிலர், அந்நியர் வந்து கிளினிக்கில் கூட்டம் போடுகிறார்கள் என்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். கிளினிக்கில் குடிமகனுக்கு ஒரு வெள்ளி, அவர்களுக்குப் பன்மடங்கு. அதனால் அவர்களில் பலர் நோய் முற்றினாலன்றி வருவதேயில்லை. செமினி மகஜரைத் தமிழ்த் தொழிலாளர் படிக்கவேண்டுமென்று நான் விரும்புவது இதனால்தான். அதில் செத்தவர் தமிழரல்லர். எழுதியவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வரிசையில் நமக்குப் பின்னால் நின்றவருக்காக அவர் எழுதினார்.

எங்கள் ஸ்டோரில் இப்போது பாராகுவாட் இல்லை. வேறு பெயருள்ள குப்பிகள் இருக்கின்றன. சென்ற வாரம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் சீட்டைப் படித்தேன். மலாய் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, சீனம் இருக்கிறது, எச்சரிக்கை தமிழிலும் இருக்கிறது. அதை முதுகில் சுமந்து அடிக்கிற பையனுக்குத் தெரிந்தது வங்காளம் ஒன்றே.